தாத்தாவின் மடக்குக் கத்தி: புதுப்பிப்பதா, இருக்கிறபடி காப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டைக் காலி செய்யும்போது, டிரங்குப் பெட்டியின் அடியில், பத்திரங்களுக்கும் ரசீதுகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கத்தி கிடைக்கும். கருத்துப்போய், துரு ஏறி, திறக்க முரண்டு பிடிக்கும். உடனே கை பரபரக்கும், உப்புத்தாளைத் தேடும். அந்தப் பரபரப்பை ஒரு வாரம் அடக்கி வைக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் பெரும்பாலும் ஷெஃபீல்டு கத்திகளைப் பற்றியே பேசுகிறேன். இங்கிலாந்தின் அந்த ஊரிலிருந்து வந்த கத்திகள்தான் நம் ஊர்ப் பழைய வீடுகளில் அதிகம் கிடைக்கின்றன. எனக்குக் கைப்பழக்கம் உள்ளவையும் அவைதான். என்னிடம் உள்ள முதல் கத்தி என் தாத்தாவுடையது. அவர் கிராமத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இரண்டு அலகு, எருமைக் கொம்புப் பிடி, முனைகளில் ஜெர்மன் சில்வர் பூண். அதைப் பற்றி அங்கங்கே சொல்கிறேன்.

கத்தி கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

படம் எடுங்கள். இரண்டு பக்கமும், முதுகுப் பக்கமும், அலகின் அடியில் உள்ள எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில், சாய்வாக ஒளி விழும்படி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடப் படத்தில் தெரியும். யாருடையது, எங்கே இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மடக்கு மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முதல் நாளுக்கு இது போதும். வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம்.

புதுப்பிப்பது, காப்பது என்று இரண்டாகப் பிரிக்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

காப்பது என்றால் கெட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துவது. துரு தின்றுகொண்டிருந்தால் அதை நிறுத்துகிறோம், பிசின் பிடித்திருந்தால் எடுக்கிறோம், காற்றும் ஈரமும் படாமல் ஒரு மெழுகுப் பூச்சு கொடுக்கிறோம். கத்தி பழையதாகவே இருக்கும், இனிமேல் கெடாது. புதுப்பிப்பது என்றால் கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்குத் திருப்பப் பார்ப்பது. அதற்காக உலோகத்தைத் தேய்க்க வேண்டும், பாகங்களை மாற்ற வேண்டும், சில சமயம் கத்தியையே பிரிக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே கோடு போட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? எண்ணெயைத் துடைத்துவிடலாம், மெழுகைக் கரைத்துவிடலாம். தேய்த்துப் போன இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அருங்காட்சியகங்களில் பழம்பொருளைக் கையாள்பவர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

என் கத்தி எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் துடைக்கவே ஆரம்பிக்கக் கூடாது. காரணம், விடை எழுதியிருக்கும் இடம் அலகின் அடிப்பகுதி. பிடிக்குள் நுழைவதற்கு முன் உள்ள, கூர் தீட்டாத அந்தச் சின்னச் சதுரம்தான் அது. துரு அதிகம் பிடிப்பதும் அங்கேதான், ஆர்வக்கோளாறில் முதலில் தேய்த்து அழிக்கப்படுவதும் அங்கேதான்.

நம் வீடுகளில் கிடைப்பவற்றில் பிரபலமானது ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அதன் முத்திரை ஒரு நட்சத்திரம், பக்கத்தில் மால்டீஸ் சிலுவை. நான்கு கையும் நுனியில் பிளந்த சிலுவை அது. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624 முதல் இருக்கிறது. அந்தச் சங்கம் இந்த முத்திரையை ராட்ஜர்ஸ் குடும்பத்துக்குக் கொடுத்தது 1764-இல். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அவர்களை அரண்மனைக்குக் கத்தி கொடுப்பவர்களாக அமர்த்தினார். அதே 1822-இல் 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டினார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்கு 75 அலகுகளோடு நார்ஃபோக் கத்தி என்ற பிரம்மாண்டத்தைச் செய்தார்கள். 'நம்பர் 6, நார்ஃபோக் ஸ்ட்ரீட்' என்ற முகவரி பல அலகுகளில் பொறித்திருக்கும்.

காலத்தைக் கணிக்க அரச எழுத்துகள் உதவும். கிரீடத்தின் இரு பக்கமும் வி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. ஜி, ஆர் என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1830-இல் இறந்த நான்காம் ஜார்ஜாகவும் இருக்கலாம், 1910-இல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜாகவும் இருக்கலாம். அப்போது 'இங்கிலாந்து' என்ற சொல் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சொல் பரவலானது. 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் கட்டாயம் 1913-க்குப் பிந்தையது. ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் கண்டுபிடித்தது அந்த ஆண்டில்.

ராட்ஜர்ஸ் போலவே பேர் பெற்றது ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். அவர்களின் முத்திரை ஐ, நட்சத்திரம், எக்ஸ்எல். வேகமாகப் படித்தால் 'ஐ எக்ஸெல்', அதாவது 'நான் மிஞ்சுகிறேன்' என்று ஆங்கிலத்தில் வரும்.

பேர் பெற்ற முத்திரைக்குப் போலியும் உண்டு. ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறதா, நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் பூ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். போலி என்றால் தூக்கி எறிய வேண்டியதில்லை. உங்கள் தாத்தா அதை அசல் என்று நம்பித்தான் அத்தனை வருடம் இடுப்பில் செருகியிருப்பார்.

அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. இனி காப்பதில் அர்த்தம் உண்டா?

உண்டு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எவ்வளவு தேய்ந்தது என்று முதலில் பாருங்கள். முத்திரை உள்ள அடிச்சதுரத்தைக் கூர் தீட்டுவதில்லை என்பதால், அதன் அகலம் அலகின் பழைய அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதையும் அலகின் நடுவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம்தான் கல்லில் போன இரும்பு. விலைக்கு வாங்குபவர்கள் இந்தத் தேய்மானத்தை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள், அதனால் பாதி தேய்ந்த அலகுக்குச் சந்தையில் விலை குறைவு. அது உண்மை.

ஆனால் தேய்ந்த விதத்தைப் பாருங்கள். தாத்தாவின் கத்தியில் பெரிய அலகு ஒரே சீராகத் தேயவில்லை. அடிச்சதுரத்தை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். ரொம்ப நாள் அது எனக்குப் புரியவில்லை. ஒருநாள் பென்சிலை எடுத்து, அந்தக் கத்தியைச் சீவும் பாவனையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் பென்சிலில் ஊன்றியது, அலகின் அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் மரத்தில் பட்டது. நாள் முழுக்க அடங்கல் எழுதிய மனிதர் பென்சில் சீவிச் சீவி மழுங்கிய இடம் அது. மழுங்கிய இடத்தை மட்டும் கிணற்றடிக் கல்லில் தீட்டித் தீட்டிப் பள்ளமாக்கியிருக்கிறார். அவர் கையெழுத்து எங்களிடம் நாலைந்து தாள்களில் இருக்கிறது. அவர் கை அசைந்த விதம் இந்த ஒரு பொருளில்தான் இருக்கிறது.

அதை 'நேராக்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னார். நேராக்க வேண்டுமென்றால் பள்ளத்தின் ஆழத்துக்கு மற்ற பகுதியையும் தேய்க்க வேண்டும். இருக்கிற அலகில் பாதி போயிருக்கும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் துருவா?

இல்லை. பழைய கத்தி கார்பன் எஃகு. மாம்பழம், எலுமிச்சை, வெங்காயம் நறுக்கினாலே அலகு நிறம் மாறும். வருடக்கணக்கில் அது சாம்பல், கருநீலம், கறுப்பு என்று படிந்துபோகும். கையால் தடவினால் வழவழப்பாக இருக்கும், துணியில் ஒட்டாது. இந்தக் கறுப்பு இரும்போடு ஒட்டி நிற்கும் மெல்லிய படலம். இது அலகை அரிப்பதில்லை, ஓரளவு காக்கவும் செய்கிறது. இதை விட்டுவிடுங்கள்.

செந்துரு வேறு. செம்மண் நிறத்தில், சொரசொரப்பாக, தடவினால் விரலில் பொடி ஒட்டும். அந்தப் பொடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் உள்ள இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

பிடிக்கு உட்புறம் உள்ள பித்தளைத் தகட்டில் பச்சையாக இருப்பது களிம்பு. அதையும் எடுத்துவிட வேண்டும். மூங்கில் குச்சியால் சுரண்டினாலே வந்துவிடும்.

செந்துருவை அலகைக் கெடுக்காமல் எப்படி எடுப்பது?

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். தையல் மெஷின் எண்ணெயைத் துருவின் மேல் தடவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். துணி சிவப்பாகும். மறுபடி எண்ணெய், மறுபடி துணி. துணியில் சிவப்பு வருவது நிற்கும்வரை நாலைந்து நாள் இப்படியே செய்யுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

பிடிவாதமான புள்ளிகளுக்கு ஒரு செம்புத் துண்டின் விளிம்பை வைத்து, எண்ணெயோடு மெதுவாகச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது, துருவைப் பெயர்க்கும், அலகில் கீறல் போடாது. அதற்கும் மசியாவிட்டால் கடைகளில் கிடைக்கும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சு, நான்கு சுழி (0000) போட்ட ரகம், அதுவும் எண்ணெயோடு, அலகின் நீளவாக்கில் மட்டும். முத்திரை உள்ள இடத்தில் எந்தப் பஞ்சும் படக் கூடாது. அங்கே துணியும் ஈர்க்குச்சியும்தான்.

துரு தின்ற குழிகள் குழிகளாகவே நிற்கும். அதற்குள் சிவப்பு இல்லை, கறுப்பாக இருக்கிறது என்றால் உங்கள் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. எலும்புப் பிடியோ தந்தப் பிடியோ இருந்தால் கத்தியை முழுசாக எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப் போடாதீர்கள். எலும்பு எண்ணெயைக் குடித்து மஞ்சளாகிவிடும், அந்தக் கறை போகவே போகாது. கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பி வளைந்துவிடும்.

புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகாதா?

குத்துவிளக்குக்குப் புளி நல்லது. எஃகுக்கு ஆகாது. புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அமிலம். துருவைக் கரைக்கும்போதே நல்ல இரும்பையும் கடிக்கும், நான் விட்டுவிடச் சொன்ன அந்தக் கறுப்புப் படலத்தையும் தின்றுவிடும். அலகு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து மங்கலாக வெளியே வரும். மூட்டுக்குள் போன அமிலத்தைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. உள்ளே இருந்துகொண்டு அடுத்த மழைக்காலத்தில் வேலையைக் காட்டும்.

பாலிஷ் பட்டறையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறார்களே?

ஆக்கித் தருவார்கள். நான் கொடுத்திருக்கிறேன்.

சேர்க்க ஆரம்பித்த புதிதில், ஒரு பழைய சாமான் கடையில் எலும்புப் பிடி போட்ட ஒரு கத்தியை வாங்கினேன். நீளமான ஒற்றை அலகு. அதில் மங்கலாக ஏதோ ஓர் எழுத்துவரிசை தெரிந்தது. பொறித்ததில்லை, அமிலத்தால் அரித்து எழுதியது. சுத்தமாக்கினால் படிக்கலாம் என்று நினைத்துப் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அலகில் என் முகம் தெரிந்தது. எழுத்து இல்லை. அமில எழுத்தின் ஆழம் தாளின் தடிமன்கூட இருக்காது, சக்கரம் ஒரு முறை சுற்றினாலே போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அலகின் விளிம்புகள் எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி உருண்டு போயிருந்தன. பிடிக்கும் பூணுக்கும் நடுவே ஒரு மெல்லிய படி வந்துவிட்டது. எலும்பு மென்மையானது, உலோகத்தைவிட வேகமாகத் தேய்ந்துவிட்டது.

இன்னொன்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கூர் தீட்டினேன், நிற்கவில்லை. ஒரு அட்டையை வெட்டியதும் மழுங்கியது. அலகின் நுனிப்பக்கம் லேசான நீல நிறம் ஓடியிருந்தது. கொல்லர்களிடம் கேட்டால் 'பதம் போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கார்பன் எஃகு அலகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கி, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வைத்துப் பதப்படுத்தியிருப்பார்கள். சக்கரத்தின் உரசலில் மெல்லிய விளிம்பு நொடிகளில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். முதலில் வைக்கோல் நிறம், கிட்டத்தட்ட 300 டிகிரியில் நீலம். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடம் மிருதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

பட்டறைக்காரர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். பாத்திரத்துக்கு என்ன செய்வாரோ அதைச் செய்தார். அந்த எழுத்து என்ன சொன்னது என்பது மட்டும் போனது போனதுதான்.

கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் துரு காரணமாக இருக்காது. மூட்டில் காய்ந்த பழைய எண்ணெயும், பிடிக்குள் சேர்ந்த அழுக்கும்தான். எண்ணெய் விட்டு, கத்தியின் முதுகு கீழே இருக்கும்படி மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். பிறகு அலகில் நகத்தை மாட்டித் திறக்க உள்ள குழியில் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து, ஒரே சீராக நெம்புங்கள். குறடு வேண்டாம், குழியின் விளிம்பு நசுங்கிவிடும். மயிரிழை அசைந்தால் போதும், மறுபடி எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள்.

திறந்ததும் பிடிக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சட்டைப்பையின் பஞ்சு, மண், காய்ந்த எண்ணெய் எல்லாம் உருண்டையாக வரும். அந்தப் பஞ்சுதான் ஈரத்தைப் பிடித்து அலகின் விளிம்பை உள்ளிருந்து அரிக்கும். தாத்தாவின் கத்தியிலிருந்து வந்த கறுப்பு உருண்டையைத் துணியில் நசுக்கிப் பார்த்தேன். பென்சில் கரி, மரத்தூள், லேசாக மூக்குப்பொடி வாசம். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சுத்தமான பிறகு அலகைத் திறந்தால் கடைசியில் 'டக்' என்று விழ வேண்டும், மடக்கினாலும் அப்படியே. அந்தச் சத்தம் வந்தால் முதுகு ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது.

ஸ்பிரிங் உடைந்திருந்தால், அல்லது ஓர் அலகு முறிந்திருந்தால் மாற்றலாமா?

மாற்ற வேண்டுமென்றால் கத்தியைப் பிரிக்க வேண்டும். பழைய கத்தியில் திருகாணி கிடையாது, எல்லாம் அடித்து மழுக்கிய ஆணி. பூணில் உள்ள ஆணி கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு நேர்த்தியாக அரம் போட்டிருப்பார்கள். அதைத் துளைத்து எடுக்கும்போது நூறு வருடம் காய்ந்த கொம்போ எலும்போ விரிசல் விடும். ஷெஃபீல்டில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து வேலை செய்யும் கைவினைஞர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அவர்களில் பேர் பெற்ற ஸ்டான் ஷா பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்தவர், 2021-இல் மறைந்தார். அப்படிப்பட்ட கை அபூர்வம். பொதுவாக இரும்பு வேலை தெரிந்தவரிடம் இந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

என் யோசனை: இரண்டு அலகில் ஒன்று முறிந்திருந்தால் அப்படியே வைத்திருங்கள். இன்னொரு கத்தியின் அலகை எடுத்துப் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு கத்தியின் கதையும் கலந்துவிடும். அப்படித்தான் செய்வேன் என்றால், மாற்றியதை எழுதி, எடுத்த பாகத்தையும் கத்தியோடு வைத்துவிடுங்கள். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

பிடி என்ன பொருள் என்று தெரியவில்லை. அதற்கென்று தனிக் கவனம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அலகைவிடப் பிடிதான் அதிகம் சிக்கல் தரும்.

எலும்பில் ஊசிமுனை அளவில் கருப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரியும். தந்தத்தில் அவை இருக்காது. தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை பின்னியது போலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் இந்தியாவில் தந்தத்தை வாங்கவோ விற்கவோ முடியாது, வைத்திருப்பதற்கும் உரிமைச் சான்றிதழ் கேட்பார்கள். தாத்தா காலத்துப் பொருள் என்பது தானாகவே விலக்கு ஆகிவிடாது. வனத்துறையிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்வதுதான் நல்லது. பிரிட்டனும் 2018-இல் சட்டம் இயற்றி, 2022 முதல் தந்த வியாபாரத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

மேடுபள்ளமான, மரப்பட்டை போன்ற பிடி என்றால் மான் கொம்பு. ஷெஃபீல்டுக்காரர்கள் இதற்கு விரும்பி வாங்கியது இந்தியக் கடமானின் கொம்பு. நம் தென்மாவட்டங்களில் மிளா என்கிறோமே, அதேதான். நம் காட்டில் உதிர்ந்த கொம்பு கப்பலேறிப் போய், பிடியாகித் திரும்பக் கப்பலேறி நம் ஊர்ச் சந்தைக்கே வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது அந்தப் பிடியைத் தேய்க்கக் கை வராது. மிளாவும் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால், விற்கும் எண்ணம் இருந்தால் இதற்கும் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எருமைக் கொம்பைப் பூச்சி அரிக்கும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதுதான்.

ஆமை ஓடு மாதிரி, முத்துச்சிப்பி மாதிரி பளபளப்பாக, ஆனால் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருந்தால் செல்லுலாய்டாக இருக்கலாம். துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் சூடம் வாசம் வரும், அதில் சூடம் சேர்த்திருப்பார்கள். செல்லுலாய்டு வயதாகும்போது தானே சிதையும், அமில ஆவி விடும், பக்கத்தில் உள்ள மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சூட்டூசி வைத்துச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கூர் தீட்டலாமா?

பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கையால், வழவழப்பான கல்லில், கொஞ்சமாக. சாணைச் சக்கரம் வேண்டாம். அலமாரியில் வைக்கப்போகிறீர்கள் என்றால் தீட்ட எந்தக் காரணமும் இல்லை.

அப்படியென்றால் புதுப்பிக்கவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. முத்திரை முழுசாக அழிந்து, பிடி உடைந்து, யாருடையது என்றும் தெரியாத கத்தி சந்தையில் கிடைக்கும். அதை வாங்கிப் பிரித்துப் பாருங்கள், புதுப் பிடி போடுங்கள், அலகைத் தேயுங்கள். அதில் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நான் கற்றதெல்லாம் அப்படிப்பட்ட கத்திகளில்தான். தளர்ந்த ஆணியால் அலகு ஆடி, கையை வெட்டும் அபாயம் இருந்தால் அந்த ஆணியை மட்டும் லேசாகத் தட்டி இறுக்குவதிலும் தவறில்லை.

முன்பே யாரோ மெருகு போட்டுக் கெடுத்த கத்தியைச் செயற்கையாகக் கறுக்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். பயன்படுத்துங்கள், தானாகக் கறுக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா? எப்படிப் பத்திரப்படுத்துவது?

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடித்து, பிசினாகும். கெட்டுப்போன எண்ணெயில் அமிலமும் சேரும். கனிம எண்ணெய்தான் சரி, தையல் மெஷின் எண்ணெய் அந்த வகை. நீண்ட நாள் வைக்க மெழுகுப் பூச்சு இன்னும் நல்லது. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகு இங்கேயும் கிடைக்கிறது. துளியூண்டு எடுத்து அலகு, பூண், பிடி எல்லாவற்றிலும் தடவி, மென்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் அது இழுக்கும் ஈரமும் அலகைக் கெடுக்கும். செய்தித்தாளும் ரப்பரும் வேண்டாம். துவைத்த பருத்தித் துணி, ஒரு பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள். யாராவது தொட்டுப் பார்த்தால் உடனே துடைத்துவிடுங்கள். வியர்வை பட்ட விரல்ரேகை அப்படியே துருவாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

விற்கப் போகிறேன். சுத்தம் செய்தால் விலை கூடுமா?

பெரும்பாலும் குறையும். விவரம் தெரிந்தவர் தொடாத கத்தியைத்தான் தேடுவார். மெருகு போட்டதைப் பார்த்ததும் எதை மறைத்தார்கள் என்று யோசிப்பார். எண்ணெய் போட்டுத் துடைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள்.

பேனாக்கத்தி என்று ஏன் பெயர்?

இறகுப் பேனாவின் முனையைச் சீவிய கத்தி என்பதால். நம் ஊரிலும் எழுத்தும் கத்தியும் சேர்ந்தே இருந்தன. ஓலையில் எழுதியவர்களிடம் பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி இருந்தது. அதோடு ஓலை நறுக்கக் கத்தியும் சேர்ந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடைத்த கத்தியில் அலகோடு ஓர் ஊசியும் மடங்கியிருந்தால், தயவுசெய்து துருவைக்கூடத் தொடாமல் ஒரு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் பளபளப்பாக்கச் சொல்கிறார், ஒருவர் கூடாது என்கிறார். என்ன செய்ய?

எங்கள் வீட்டிலும் அதே சண்டைதான். தாத்தா கத்தியைப் புதுசாக்கி, கண்ணாடிப் பெட்டியில் அவர் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அவர் சொன்னதும் மரியாதையில்தான். ஒரு வருடம் தள்ளிப்போடலாம், அப்போதும் தோன்றினால் செய்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். இதையே உங்களுக்கும் சொல்கிறேன். துருவை நிறுத்திவிட்டால் ஒரு வருடத்தில் கத்திக்கு ஒன்றும் ஆகாது.

அந்த வருடத்தில் ஒருநாள் அண்ணனிடம் கத்தியையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, சீவிப் பாருங்கள் என்றேன். அலகின் பள்ளத்தில் பென்சில் போய் உட்கார்ந்தது. அவர் பாதி சீவிவிட்டு நிறுத்தினார், அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி வாங்கினார். கத்தி கறுப்பாகவே அதற்குள் இருக்கிறது, பக்கத்தில் பாதி சீவிய அந்தப் பென்சிலும்.